மழை வந்தால் கரகரக்கும் ஆம்ப்: சுங்கை சிப்புட் வால்வுக் கடை

அப்பா விட்டுப்போன கித்தார் ஆம்புக்கு மழைதான் நோய். வெயில் நாளில் நல்ல பிள்ளையாகப் பாடும். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டால் சூடான எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி பொரியும். வால்யூம் குமிழைத் திருகினால் தகரத்தில் மணல் இழுக்கிற சத்தம். ஒரு மணி நேரம் போட்டே வைத்திருந்தால் மெல்ல மெல்ல அடங்கும். நான்கு வருஷம் இப்படியே ஓட்டினேன். இந்த வருஷம் சுங்கை சிப்புட்டில் ஓர் அங்கள் அதன் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்து கொடுத்தார். மலேசியாவின் பேரா மாநிலத்தில் எத்தனையோ வீடுகளில் பழைய வால்வு ஆம்ப் (கண்ணாடிக் குழாய்களால் ஓடும் ஒலிபெருக்கிப் பெட்டி) கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. யாரிடம் கொண்டுபோவது என்று தெரியாததால்தான் கிடக்கிறது. அதனால் இந்தக் கடையைப் பற்றி விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஆம்ப். 1970களில் வந்த அமெரிக்கப் பெட்டி. 22 வாட், 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, ஸ்பீக்கரை ஓட்டும் பவர் பக்கம் இரண்டு 6வி6 ரக வால்வு, எதிரொலி தரும் ரிவெர்ப் உண்டு. அப்பா பகலில் தோட்டத்து ஆபீஸில் கிராணி, ராத்திரியில் இசைக்குழுவில் கித்தார். பட்டர்வொர்த்தில் ஆஸ்திரேலிய ஆகாயப்படை இருந்த காலத்தில், ஊருக்குத் திரும்பப் புறப்பட்ட ஒருவரிடம் இதை வாங்கினார். ஆஸ்திரேலியாவிலும் 240 வோல்ட்தான் என்பதால் அப்படியே நம் வீட்டில் போட முடிந்தது. அமெரிக்காவிலிருந்து நேரே வரும் 120 வோல்ட் பெட்டிகளுக்கு அந்த வசதி கிடையாது. அப்படி ஒன்றை வாங்கியிருப்பவர்கள், ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் சுவரில் சொருகிவிடாதீர்கள்.

அப்பா போன பிறகு அவருடைய கித்தாரையும் இந்தப் பெட்டியையும் நான்தான் எடுத்துக்கொண்டேன். ஆடி மாதம் முனீஸ்வரர் கோயில் திருவிழா, கல்யாண மண்டபம் என்று எங்கள் குழுவோடு இதையும் தூக்கிக்கொண்டு போவேன். கரகரப்பு தாங்க முடியாமல் போனபோது முதலில் பெரிய பட்டணத்துக் கடை ஒன்றுக்குத்தான் கொண்டுபோனேன். "வால்வு போய்விட்டது" என்றார்கள். எல்லா வால்வையும் மாற்றினார்கள். 680 வெள்ளி (ரிங்கிட்). மூன்று வாரம் வெயில் அடித்தது, ஆம்பும் சுத்தமாகப் பாடியது. நான்காவது வாரம் மழை வந்தது, கடுகும் கூடவே வந்தது. கழற்றிய பழைய வால்வுகளைக் கேட்டேன், தூக்கிப் போட்டுவிட்டோம் என்றார்கள். அவற்றில் அப்பா காலத்தில் வாங்கியவையும் இருந்தன. அவை நல்ல நிலையில் இருந்திருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

சுங்கை சிப்புட் கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை. பழைய கடைவீட்டு வரிசையின் பின்சந்தில், மளிகைக் கடையின் பின்கட்டு அறைதான் கடை. உள்ளே ஒரு நீள மேசை, இரண்டு மீட்டர், ஒரு ஆசிலோஸ்கோப், சுவர் முழுக்க பிஸ்கட் டின். டின்களின் மேல் ஓம் கணக்கும் மைக்ரோஃபாராட் கணக்கும் தமிழிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார். அங்களுக்கு அறுபதைத் தாண்டிய வயது. பால்மரம் சீவிய குடும்பம். சின்ன வயதில் லயத்து வீடுகளின் வால்வு ரேடியோக்களைப் பிரித்துப் பிரித்தே தொழில் கற்றிருக்கிறார். பிறகு பினாங்கு பாயான் லெப்பாசில் மின்னணுத் தொழிற்சாலை வேலை, ஓய்வுக்குப் பிறகு இந்த அறை.

பெட்டியை இறக்கி வைத்ததும் அவர் திருப்புளியைத் தொடவில்லை. நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

"எப்ப சத்தம் வருது மா? காலையிலயா, ராத்திரியிலயா?"

"மழை பெய்ஞ்சா வரும் அங்கள்."

"போட்ட உடனேயா, சூடான பெறகா?"

"உடனே வரும். சூடாக ஆகக் கொறையும்."

"வீட்ல எங்க வெச்சிருக்கீங்க?"

"பின்னால ஸ்டோர் ரூம்ல. செமெண்ட் தரை."

ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். எனக்கு அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது. முந்தின கடையில் ஒருவரும் இந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை.

பிறகுதான் பாகங்கள் பூட்டிய உலோகச் சட்டமான சாசியை வெளியே எடுத்தார். இந்த மாதிரி வால்வு ஆம்பில் 400 வோல்ட்டுக்கு மேல் ஓடும். பிளக்கைப் பிடுங்கினாலும் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டரில் அது தங்கியிருக்கும், ஆளைக் கொல்லப் போதும். இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, கிளிப் மாட்டிய ரெசிஸ்டர் ஒன்றால் அதை வடித்தார். மீட்டர் 400ஐத் தாண்டிய எண்ணிலிருந்து இறங்கிப் பூஜ்யத்துக்கு வரும்வரை என்னையும் பார்க்கச் சொன்னார். மறுபடி கரண்ட் கொடுத்தபோது நேராகச் சுவரில் சொருகவில்லை, பழைய 100 வாட் இழை பல்பு ஒன்றைத் தொடரில் வைத்துத்தான் கொடுத்தார். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் நின்றுவிடும், ஆம்ப் தப்பிக்கும். எங்கள் பல்பு ஒரு தடவை பளிச்சிட்டு மங்கியது. டிரான்ஸ்ஃபார்மர் நன்றாக இருக்கிறது என்றார்.

அடுத்து, கித்தாரின் சின்னச் சத்தத்தை முதலில் பெருக்கும் பிரிஆம்ப் வால்வுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ரிவெர்ப் உள்ள சேனலின் முதல் வால்வை எடுத்ததும் சத்தம் நின்றது. அந்த இடத்தில், டின் ஒன்றில் 'நல்லது' என்று எழுதி வைத்திருந்த 12ஏஎக்ஸ்7 ரக வால்வு ஒன்றைப் போட்டார். சத்தம் திரும்பி வந்தது. ஆக, குற்றம் அந்த வால்வைச் சுற்றியுள்ள இடத்தில், வால்வுக்கு அதில் பங்கில்லை. 680 வெள்ளியைக் கொடுக்குமுன் யாராவது இந்த ஐந்து நிமிஷ வேலையைச் செய்திருக்கலாம்.

பிறகு சாப்ஸ்டிக். சீனர் கடையில் மீ சாப்பிடும் அதே மூங்கில் குச்சி. ஆம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு ஈயப் பற்றையும், ஒவ்வொரு கம்பியையும் அதன் நுனியால் தட்டிக்கொண்டே வந்தார். பற்று விட்ட இடம் இருந்தால் அங்கே தட்டும்போது சத்தம் எகிறும். எங்கள் பெட்டியில் அப்படி ஒரே இடம் என்று அகப்படவில்லை. போர்டில் எங்கே அழுத்தினாலும் கொஞ்சம் மாறியது.

அன்று அவர் அதோடு நிறுத்திக்கொண்டார். "வெயில் நாள் மா இன்னைக்கு. சத்தம் கொஞ்சமாத்தான் இருக்கு. மழை வரட்டும்." பதினொரு நாள் கழித்து சாயங்காலம் ஐந்து மணிக்குத் தொலைபேசி. "இங்க நல்ல மழை. முடிஞ்சா வாங்க மா." இப்படி ஒரு அழைப்பு வேறு எந்தக் கடையிலிருந்தும் எனக்கு வந்ததில்லை. மோட்டார் சைக்கிளில் நனைந்துகொண்டே போனேன்.

அந்தக் காலத்துப் பெட்டிகள் பலவற்றில் பாகங்களெல்லாம் கறுப்பு ஃபைபர் போர்டு ஒன்றின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். காகித நாரை அழுத்திச் செய்து, மெழுகு ஏற்றிய பலகை. மீட்டரின் கறுப்பு முனையைச் சாசியில் கவ்வவிட்டு, சிவப்பு முனையைப் போர்டின் வெறும் இடத்தில் வைத்தார். கம்பியும் இல்லை, ஈயமும் இல்லை, வெறும் பலகை. பூஜ்யம் காட்ட வேண்டும். 7 வோல்ட் காட்டியது. ஹை வோல்டேஜ் வரும் கண்ணியின் அருகே நகர்த்தினார், 22. பலகையே கரண்ட் கடத்திக்கொண்டிருந்தது.

என் வாய் அடைத்துப்போனது. அவர் பொறுமையாக விளக்கினார். வால்வின் கிரிட் என்பது கித்தார் சத்தம் உள்ளே நுழையும் முனை, பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டிய இடம். அதே வால்வின் இன்னொரு முனையான கேதோடில் இருப்பதே சுமார் ஒன்றரை வோல்ட்தான். கிரிட்டிலிருந்து சாசிக்குப் போகிற ரெசிஸ்டர் 1 மெகாஓம். அதன் வழியே ஒரு மைக்ரோஆம்பியர் கசிந்தாலே ஓமின் விதிப்படி 1 வோல்ட் ஆகிவிடும். வால்வின் நிலையே குலைந்துபோகும். அந்தக் கசிவு ஈரப்பலகையில் சீராக ஓடாது, விட்டு விட்டு ஓடும். அந்த விட்டு விட்டுத்தான் என் காதில் கடுகு. வால்யூம் குமிழுக்கும் அதே டிசி (நேர் மின்சாரம்) போய்ச் சேர்ந்ததால்தான் அது மணல் இழுத்தது. பெட்டி சூடாகச் சூடாகப் பலகை காயும், சத்தம் குறையும். நான் முதல் நாள் சொன்ன ஒவ்வொரு பதிலும் இதில் வந்து பொருந்தியது.

சொன்னதை நிரூபித்தும் காட்டினார். முடி காயவைக்கும் டிரையரை இருபது நிமிஷம் போர்டின் மேல் பிடித்தார். 7 வோல்ட் அரை வோல்ட்டுக்கும் கீழே இறங்கியது. கித்தாரைச் சொருகினேன். வெளியே தகரக் கூரையில் மழை, உள்ளே ஆம்பில் சத்தமே இல்லை. அப்பா வாசித்த காலத்தில் இது இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்ததும் கண் கலங்கியது. அங்கள் ஒன்றும் சொல்லாமல் டிரையர் வயரைச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வழி சொன்னார். காயவைத்து மறுபடி மெழுகு ஏற்றினால் செலவு குறைவு, ஆனால் நம் ஊர் ஈரத்தில் எத்தனை நாளைக்கு நிற்கும் என்று சொல்ல முடியாது. கண்ணாடி நார் எப்பாக்ஸிப் பலகையில் புதுப் போர்டு செய்து, பாகங்களை அதற்கு மாற்றினால் ஈரம் ஏறாது. இரண்டாவதைக் கேட்டேன்.

அந்தப் போர்டு வேலையைப் பாராட்டாமல் இருக்க முடியாது. பழைய பலகையை அச்சாக வைத்துத் துளை போட்டு, பாகங்களைப் பற்றவைக்கும் பித்தளை முளையான டரட் ஒவ்வொன்றையும் தட்டி இறுக்கியிருக்கிறார். பாகங்கள் பழைய இடத்திலேயே, பழைய வரிசையிலேயே. நல்லதை மாற்றவில்லை. 100 கிலோஓம் என்று வண்ணக்கோடு போட்ட பிளேட் ரெசிஸ்டர் ஒன்று 131 காட்டியது, அதை மாற்றினார். காய்ந்துபோன எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் எல்லாம் புதிது. கழற்றிய ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் பையில் போட்டு, ஏன் கழற்றினார் என்று சீட்டு எழுதி வைத்தார். பழைய போர்டும் அந்தப் பையில் இருக்கிறது.

கேட்காமலே செய்த வேலை இரண்டு உண்டு. பவர் வால்வுகளின் பயாஸை, அதாவது வாசிக்காமல் சும்மா இருக்கும்போது அவை எவ்வளவு கரண்ட் இழுக்கின்றன என்பதைப் பார்த்தார். வால்வின் பிளேட் என்ற முனையில் 408 வோல்ட், ஒவ்வொரு வால்வும் 33 மில்லிஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்தது. பெருக்கினால் 13 வாட்டைத் தாண்டுகிறது. 6வி6 தாங்க வேண்டியது 12. முந்தின கடையில் புது வால்வு போட்டதோடு சரி, பயாஸ் பார்க்கவே இல்லை. அவற்றின் ஆயுள் குறைந்திருக்கும். 20 மில்லிஆம்பியருக்கு இறக்கினார். அது எட்டு வாட் சொச்சம், உச்ச வரம்பில் கிட்டத்தட்ட 70 சதவீதம், பழுது பார்ப்பவர்கள் வழக்கமாக வைக்கும் கணக்கு.

இரண்டாவது, எர்த். எப்போதோ யாரோ பவர் வயரை மாற்றியபோது இரண்டு கம்பி வயரைப் போட்டிருந்தார்கள். சின்ன வயதில் அப்பா மைக்கில் உதடு பட்டுச் சுரீர் என்று பின்வாங்கியதைப் பார்த்திருக்கிறேன். மேடை என்றால் அப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொள்வேன். அங்கள் மூன்று கம்பி வயர் போட்டு, எர்த் கம்பியைச் சாசியில் தனி போல்ட்டில் இறுக்கினார். மற்ற இரண்டையும்விட அதை நீளமாக விட்டார், யாராவது வயரை இழுத்துப் பிய்த்தாலும் கடைசியில் அறுபடுவது எர்த்தாக இருக்க வேண்டும் என்பதற்காக. பிளக்கில் 13 ஆம்பியர் ஃபியூஸை எடுத்துவிட்டு 3 ஆம்பியர் போட்டார். உங்களிடம் இரண்டு கம்பி வயரோடு பழைய ஆம்ப் இருந்தால், சத்தம் நன்றாக இருந்தாலும் இந்த ஒரு வேலையை மட்டும் உடனே செய்துகொள்ளுங்கள்.

பில்: உழைப்பு 450 வெள்ளி, போர்டு 80, கெப்பாசிட்டர் ரெசிஸ்டர் எல்லாம் சேர்த்து 140, வயரும் பிளக்கும் 25. மொத்தம் 695. வால்வு ஒன்றுகூட விற்கவில்லை.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். ஏழு வாரம் ஆனது. திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கொண்டுபோனால் நடக்காது. ஈயம் வைக்கும்போது தொலைபேசியை எடுக்கமாட்டார், வாட்ஸ்அப் செய்திக்கு மூன்று நாள் கழித்துப் பதில் வரும். ரொக்கம் மட்டும். கியூஆர் கோடு கிடையாது. அறையில் புகை போக வழியில்லை, பற்றவைக்கும்போது காற்றாடியையும் நிறுத்திவிடுகிறார். அங்கே அதிக நேரம் உட்காருபவர்கள் முகக்கவசம் கொண்டுபோவது நல்லது, அவரும் ஒன்று மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை, சொல்லியும் பார்த்தேன். டிரான்சிஸ்டர் பவர் ஆம்ப், கம்ப்யூட்டர் வைத்த புது மாதிரிகள் எதையும் தொடமாட்டார். ஜோடி பொருத்திய பவர் வால்வு வேண்டுமானால் நாமே வரவழைக்க வேண்டும். இப்போது புதிதாக வருபவை பெரும்பாலும் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனாவில் செய்தவை, விலையும் ஏறிக்கொண்டே போகிறது.

ஆம்ப் வீட்டுக்கு வந்த பிறகும் நான் அங்கே போவதை நிறுத்தவில்லை. சின்னதாக ஒன்று நானே கட்ட வேண்டும் என்றேன். உடனே ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு: ஈயம் வைப்பது முழுக்க நான்தான், அவர் பார்ப்பார். 1950களின் கடைசியில் ஃபெண்டர் விற்ற சாம்ப் ஆம்பின் 5எஃப்1 வரைபடம். மூன்றே வால்வு: 12ஏஎக்ஸ்7 ஒன்று, 6வி6 ஒன்று, ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையருக்கு 5ஒய்3. ஐந்து வாட் அளவுக்குப் பாடும், படுக்கையறைக்குத் தாராளம். ஐந்து சனிக்கிழமை ஆனது. செலவில் பாதிக்கு மேல் இரண்டு டிரான்ஸ்ஃபார்மருக்கே போனது. கற்றுக்கொடுத்ததற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார், மேசை வாடகை என்று சனிக்கிழமைக்கு 30 வெள்ளி வற்புறுத்திக் கொடுத்தேன்.

முதல் தடவை கரண்ட் கொடுத்ததும் பெட்டி ஊளையிட்டது. வால்யூம் பூஜ்யத்தில் இருக்கும்போதே காதைக் கிழிக்கிற ஊளை. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் அணைத்துவிட்டு வரைபடத்தை என் பக்கம் தள்ளினார்.

"வெளிய போற சத்தம் எந்த வழியா உள்ள திரும்பி வருது, பாருங்க மா."

கால் மணி நேரம் பார்த்தேன். ஸ்பீக்கரிலிருந்து 22 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று 12ஏஎக்ஸ்7 வால்வின் இரண்டாம் பாதிக் கேதோடுக்குத் திரும்பிப் போகிறது. சத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதற்கான வழி அது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு கம்பி இடம் மாறிவிட்டால், கட்டுப்படுத்த வேண்டியதே தூண்டிவிடும். மின்சாரத்தை வடித்துவிட்டு அந்த ரெசிஸ்டரின் ஒரு காலைக் கழற்றிப் போட்டுப் பார்த்தேன். ஊளை நின்றது. டிரான்ஸ்ஃபார்மரின் ஸ்பீக்கர் பக்கத்துக் கம்பிகளை மாற்றி வைத்து, ரெசிஸ்டரைத் திரும்பப் பற்றவைத்தேன். அமைதி. பிறகு 6வி6ன் கேதோடை அளக்கச் சொன்னார். 470 ஓம் ரெசிஸ்டரின் மேல் 19 வோல்ட். "எவ்வளவு ஓடுது?" வகுத்துச் சொன்னேன், 40 மில்லிஆம்பியர். தலையாட்டிவிட்டு, தே வாங்கி வரப் பக்கத்துக் கடைக்குப் போனார். அவர் திரும்பி வரும்வரை நான் வாசித்துக்கொண்டிருந்தேன்.

போகிறவர்களுக்கு: செவ்வாய்க்கிழமை கடை இல்லை. மற்ற நாள் பத்து மணிக்கு மேல், மளிகைக் கடையில் "ரேடியோ அங்கள்" என்று கேட்டால் பின்வழியாக அனுப்புவார்கள். ஸ்பீக்கர் தனியாக இருந்தால் அதையும் அதன் வயரையும் எடுத்துப் போங்கள், ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு ஆம்பைப் போட்டுப் பார்த்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடக்கூடும் என்பதால் அவர் அதைத் தொடவே மாட்டார். வேறு கடையில் கழற்றிய வால்வுகள் கையில் இருந்தால், செத்தவை என்று சொல்லிக் கொடுத்திருந்தாலும், அவற்றையும் ஒரு துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள். சோதித்து, நல்லதாக இருந்தால் 'நல்லது' என்று எழுதி உங்களிடமே திருப்பிக் கொடுப்பார்.